தட்டைத் தட்டினால் திரும்புகிறான்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. ‘அம்மா’, ‘தா’ என்று நாலைந்து சொல்தான் வருகிறது. தட்டைத் தட்டினால் திரும்புகிறான், அதனால் காதில் கோளாறு இல்லை. “அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், நாக்கில் வசம்பு தேய்” என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: வேண்டாம் அம்மா. தட்டுச் சத்தத்தை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன், அதுவும் பேச்சுப் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகு! என் அக்கா மகள் கதவைச் சாத்தினால் திரும்புவாள். ‘ஸ’ போன்ற மெல்லிய கீச்சொலிகள்தான் அவளுக்கு எட்டவில்லை. மூன்று வயதில்தான் கண்டுபிடித்தோம்.

இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது வந்திருக்க வேண்டும். ‘அம்மா வா’ என்று இரண்டைக் கோக்கவும் வேண்டும். ஆகவே முதலில் காது. பெரா (BERA) என்ற காது கேட்கும் திறன் பரிசோதனை கேளுங்கள். தலையில் சின்ன ஒயர்களை ஒட்டி, பிள்ளை தூங்கும்போதே பார்த்துவிடுவார்கள், வலிக்காது. காது சரியாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காதில் குறை இருந்தால் காது கேட்கும் கருவி, பேச்சுப் பயிற்சி, அப்புறம் சைகை மொழியும் சேர்த்தே. சைகை பழகினால் பேச்சு வராது என்பது வீண் பயம். வசம்பு மாமியாரிடமே பத்திரமாக இருக்கட்டும்.