கீழே கருங்கல்தான், ஆனால் சரிவது கருங்கல் இல்லை

கண்டியில் வேலை செய்யும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில். அம்பிட்டிய பக்கம் 12 பேர்ச்சஸ் காணி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இந்த வருடம்தான் பெக்கோ இயந்திரம் வைத்து மலையை வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். பின்னால் ஏறக்குறைய 15 அடி உயர மண்மேடு, முன்னால் நிரப்பிய மண். பக்கத்து வீட்டு மதில் வயிறு தள்ளி நிற்கிறதாம். "கீழே முழுக்கக் கருங்கல் மிஸ், டித்வா புயலுக்கே அசையாத இடம்" என்கிறார் தரகர். கல் என்றால் பயமில்லையா, திகனயில் பூமி ஆடியது போல இங்கும் ஆடுமா என்பது இவருடைய கேள்வி.

சகோதரி, தரகர் சொன்னதில் பாதி உண்மை. கண்டிக்குக் கீழே கருங்கல்தான் இருக்கிறது. 55, 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, மடிந்து இறுகிய பாறை. எங்கள் நிலவியல் பாஷையில் நைஸ், சார்னொகைட், குவாட்சைட் என்று பெயர் சொல்லுவோம். உங்களுக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. ஹந்தானையில் பார்க்கிற கல், உடவத்தக்கலையில் பார்க்கிற கல், பேராதனைப் பாலத்தடியில் மகாவலியில் துருத்திக்கொண்டு நிற்கிற கல், எல்லாம் அந்தக் குடும்பம்தான். அதன் மேல் எத்தனை மாடி கட்டினாலும் தாங்கும்.

ஆனால் மழைக்கு வீட்டைக் கொண்டுபோவது அந்தக் கல் இல்லை, அதன் மேல் கிடக்கிற மண். கோடிக்கணக்கான மழைக்காலங்களில் கல்லே அழுகித்தான் அந்த மண் ஆனது. கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள், காக்காப்பொன் மினுங்கும். வெயிலில் கல் மாதிரி இறுகி நிற்கும், பெக்கோக்காரரே வெட்டக் கஷ்டப்படுவார். அதே மண் நாலு நாள் மழையில் நனைந்தால் களி. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி இறங்கி, கீழே கல்லில் முட்டி, அதற்கு மேல் போக வழியில்லாமல் கல்லின் முதுகோடு ஓடும். அந்த இடத்தில் பிடிமானம் விட்டுப் போகிறது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லைச் சாய்த்துப் பிடித்தால் தோசை என்ன செய்யும்? ஆகவே "கீழே கல்" என்பது ஆறுதலான செய்தி இல்லை. கல் எத்தனை அடியில், அதற்கு மேல் என்ன மண், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, இதைத்தான் கேட்க வேண்டும். 15 அடி வெட்டியும் பின்சுவரில் கல் தெரியவில்லை என்றால், உங்கள் தலைக்கு மேல் நிற்பது 15 அடி மண். அதற்கு மேலே இருக்கிற மலை வேறு.

"டித்வாவுக்கே அசையவில்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்துபோன பிறகு மலைநாட்டுத் தரகர்கள் எல்லோருக்கும் இது ஒரு மந்திரம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள். பெக்கோ வந்தது இந்த வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். புயலுக்கு அசையாமல் நின்றது வெட்டாத மலை. உங்களுக்கு விற்கப் பார்ப்பது வெட்டின மலை. அடியில் தாங்கி நின்ற மண்ணை எடுத்துவிட்டார்கள், எடுத்ததை முன் விளிம்பில் கொட்டிச் சமதரை என்கிறார்கள். இந்த வெட்டின காணிக்கு இன்னும் ஒரு பெருமழைகூட வந்து சோதனை வைக்கவில்லை. அத்தோடு, ஒருமுறை ஊறி இளகிய மலையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். அடுத்த மழை அதற்குள் நேராக இறங்கும்.

வீட்டின் பின்பாதி வெட்டிய தரையிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் வந்தால், மண்சரிவே வராவிட்டாலும் முன்பாதி இறங்கும், நடுவில் சுவர் பிளக்கும். கண்டியைச் சுற்றி நான் பார்த்த வெடித்த வீடுகளில் பெரும்பகுதி இந்த ரகம். வீட்டுக்காரர் பூமி அதிர்ச்சி என்பார், பக்கத்துக் கல்லுடைப்பு என்பார், செய்வினை என்றுகூட ஒருவர் சொன்னார். நிரப்பிய மண் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு மதில் வயிறு தள்ளியிருப்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். ஒரு கன மீற்றர் தண்ணீர் ஒரு தொன். மதிலுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீருக்கு வெளியேறத் துவாரம் இல்லாவிட்டால் அது மதிலைத் தள்ளும். அந்த மதிலில் பிவிசி குழாய்த் துவாரங்கள் இருக்கின்றனவா, மழை விட்ட மறுநாள் அவற்றில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். துவாரம் இருந்தும் வடியாவிட்டால், பின்னால் சல்லிக்கல் போடாமல் வெறும் மண்ணைப் போட்டு மூடியிருக்கக்கூடும். மதில் கட்டுகிற பாஸ்மாருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். சொல்லத்தான் வேண்டும்.

இனித் தாள் விஷயம். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்கள் வைத்திருக்கிறது. தரகர் அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, "பாருங்கள், நம்ம இடம் சிவப்பில் இல்லை" என்று விரலால் காட்டுவார். கணக்குப் போடுங்கள். 12 பேர்ச்சஸ் என்பது சுமார் 300 சதுர மீற்றர், ஒரு பக்கம் 17 மீற்றர். பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவு வரைபடத்தில் அது 2 மில்லிமீற்றர்கூட வராது. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்றால் பேனா முனைப் புள்ளி. தரகரின் விரல் நகமே ஒரு கிராமத்தை மறைத்துவிடும். அந்த வரைபடம் ஒரு மலைப்பகுதியைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் காணியைப் பற்றிப் பேசவில்லை.

காணிக்கு வேண்டியது அதே நிறுவனம் ஆளை அனுப்பிப் பார்த்துக் கொடுக்கிற அறிக்கை. "அதுவும் இருக்கிறது மிஸ்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். மூன்று விஷயம் பாருங்கள். அதிலுள்ள நில அளவைப் பட இலக்கமும் காணித் துண்டு இலக்கமும் உங்கள் துண்டினுடையவையா? ஒரு ஏக்கருக்கு எடுத்த அறிக்கையைப் பத்துத் துண்டுக்கும் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திகதி மலையை வெட்டுவதற்கு முந்தியதா? முந்தியது என்றால் அந்த அறிக்கை பார்த்த நிலம் இப்போது இல்லை. கடைசியாக, மொத்தப் பக்கங்களும் இருக்கின்றனவா? "கட்டலாம்" என்ற வரி ஒரு பக்கத்திலும், இவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, மேலே தண்ணீர் வடியக் கான் கட்ட வேண்டும், இத்தனை மாடிக்கு மேல் கூடாது என்ற நிபந்தனைகள் அடுத்த பக்கத்திலும் இருக்கும். தரகர் காட்டுவது முதல் பக்கம்.

அறிக்கை பெரும்பாலும் சிங்களத்தில் வரும், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சட்டப்படி தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு கவுண்டரில் "அங்கே போங்க", அங்கே போனால் "ஐயா பீல்டுக்குப் போயிட்டார்". ஆளைப் பார்த்து, அளந்து, கையெழுத்து வந்து சேர்வதற்குள் பக்கத்துக் காணியில் அனுமதியே இல்லாமல் வீடு எழும்பி, கரண்டும் வந்து, குடிபுகவும் செய்திருப்பார்கள். முறைப்படி போகிறவர் காத்திருக்கிறார், முறைகேடாகக் கட்டியவர் பால் பொங்க வைக்கிறார். முப்பது வருடமாக இதைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. இருந்தாலும் விற்பவரின் தாளை நம்பாமல், உங்கள் பெயரில், இந்தத் துண்டு இலக்கத்துக்கு, வெட்டிய நிலையைப் பார்க்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு. காணி விலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

சரி, இவ்வளவு சிக்கல் வேண்டாம், மலையடியில் சமதரையாகப் பார்த்து வாங்கிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். பொதுவாக நல்ல யோசனைதான். சாய்வு 31 பாகைக்கு மேல், அதாவது 10 அடி முன்னே போனால் 6 அடிக்கு மேல் ஏறுகிற சரிவில் வீடு கட்டச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொன்னதில்லை. ஆனால் சமதரைக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

மலைநாட்டில் செங்குத்தான கல்மலைக்கு அடியில், தட்டு மாதிரி, இளஞ்சாய்வாக ஒரு நிலம் விரிந்து கிடக்கும். பார்க்க அழகு. மண் கறுப்பாக, ஈரமாக, எது நட்டாலும் வரும். ஒரு மூலையில் வருடம் முழுக்க வற்றாத பீலி, அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் இடம். தோட்டம் போட்டவர்களுக்கும் தொழிலாளர் லயம் கட்டியவர்களுக்கும் பிடித்த இடம். அது ஏன் அங்கே சமமாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மேலே இருந்து எப்போதோ சரிந்து வந்த மண்ணும் கல்லும் அங்கே தங்கியதால்தான் சமம். அதாவது அது ஒரு பழைய மண்சரிவின் வயிறு. ஒருமுறை வந்தது மறுபடி நகரலாம், புதிதாகச் சரிய வேண்டியதற்குத் தேவையான மழைகூட அதற்குத் தேவைப்படாது.

எப்படி அடையாளம் காண்பது? மேல்மண்ணைத் தாண்டித் தோண்டுங்கள். இடத்திலேயே அழுகிய மண் என்றால் பழைய கல்லின் வரி வரியான கோலம் மண்ணிலும் தெரியும். சரிந்து வந்த மண்ணில் கோலம் இருக்காது. சின்னதும் பெரியதுமாகக் கற்கள், முனை மழுங்காமல், கிறிஸ்மஸ் கேக்கில் முந்திரிப்பருப்பு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழம்பிக் கிடக்கும். ஆள் உயரப் பாறை ஒன்று புல்வெளி நடுவில் தனியாக நின்றால், அது மேலிருந்து வந்து சேர்ந்ததாக இருக்கலாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மூடியதும் இப்படி மலையடியில் தங்கியிருந்த பழைய மண்தான். 2005இலும் 2011இலும் அதே ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்களிடம் மாற்றுக் காணி இருக்கவில்லை, மாற்றுக் காணி வைத்திருந்தவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை. ஆகவே சமதரை என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். முதலில் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், பிறகு மேல்மண்ணைத் தாண்டித் தோண்டுங்கள். பொதுவாகச் சமதரை பாதுகாப்பு, இந்த மாதிரிக் கல்மலையடிச் சமதரையைத் தவிர.

வயலை நிரப்பிய காணி வேறு கதை.  அங்கே வீடு சரியாது, மெதுவாக இறங்கும். அத்திவாரத்துக்குச் செலவு கூடும், அவ்வளவுதான்.

திகன விஷயம். 2020 ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி ஹாரகம, அனுரகம, அம்பாக்கோட்டைப் பக்கங்களில் சில சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. அந்தப் பக்கத்துப் பூமியில் கருங்கல்லோடு சலவைக்கல்லும் உண்டு, டொலமைட் உடைக்கிறார்கள். அந்தக் கல்லைத் தண்ணீர் கரைக்கும், உள்ளே பொந்து விழும். பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம். பொந்து, கல்லுடைப்பு, நீர்த்தேக்கத்தின் பாரம் என்று மூன்றையும் சந்தேகித்துப் பேசினார்கள். நீங்கள் கேட்கும் காணிக்கு இதில் எது பற்றியும் நான் கவலைப்படவில்லை. சிறு அதிர்வு உங்கள் அலுமாரிக் கண்ணாடியை ஆட்டும். பின்னால் நிற்கிற 15 அடி மண்மேடு உங்கள் படுக்கையறைக்கு வரும். பயத்தை எதற்குச் செலவு செய்வது என்று யோசியுங்கள்.

அடுத்து என்ன செய்யலாம்? முற்பணம் கொடுக்காதீர்கள். வெயில் நாளில் தரகரின் வான் வண்டியில் போகாமல், நல்ல மழைக்கு மறுநாள் உங்கள் அண்ணன், தம்பி யாரையாவது கூட்டிக்கொண்டு நீங்களாகவே போங்கள். காணியில் நிற்க வேண்டாம், மேலே ஏறுங்கள். மண்ணில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென நின்றுபோன அல்லது கலங்கிய ஊற்று இருக்கின்றனவா பாருங்கள். மேலே தேயிலை இருந்தால் பழைய கான்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கங்காணிமார் கான் வெட்ட ஆள் போடாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. இப்போது கைவிட்ட மலைகளில் கான் தூர்ந்து, அந்தத் தண்ணீர் முழுதும் கீழே இருக்கிறவர் தலையில்தான் இறங்குகிறது. மேல் வீட்டுக்காரரின் கூரைத் தண்ணீரும் மலக்குழித் தண்ணீரும் எங்கே போகின்றன என்பதையும் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் வயதான பெண் ஒருவர் இருப்பார், முன்பு எங்கே பீலி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது அவருக்குத் தெரியும்.

இப்போது குடியிருக்கிற இடமும் சரிவுதான் என்று எழுதியிருப்பதால் ஒன்று. பக்கம் நேரான ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, மழைத் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் பையைக் கட்டி வையுங்கள். 150, அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், கிராம சேவகர் வந்து சொல்லும்வரை இருக்காமல் பிள்ளைகளோடு இறங்கிவிடுங்கள்.

நீங்கள் விவரித்த நிலையில் அந்தக் காணியை நான் வாங்கமாட்டேன். விலையைக் குறைத்தாலும் மாட்டேன். இல்லை, மனது அதிலேயே நிற்கிறது என்றால், உங்கள் பெயரில் எடுத்த அறிக்கை வந்ததும் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்புங்கள். துண்டு இலக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும்.