தண்ணீர் ஏறாத டிஷ்வாஷருக்காக வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: எங்கள் டிஷ்வாஷர் வாங்கி 7 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வாரமாக, பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஆனால் தண்ணீர் ஏறுவதில்லை. போனிலேயே விவரம் கேட்ட மெக்கானிக், "போர்டு போயிருக்கும்" என்கிறார், அதாவது இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை. புதியதன் விலையில் 40 சதவீதம் செலவாகுமாம். கடையில் பழையதை எடுத்துக்கொண்டு வட்டியில்லாத் தவணையில் புதியது தருவதாகச் சொல்கிறார்கள். சில மாதங்களில் முதிரும் வைப்பு நிதி ஒன்று இருக்கிறது. அதை உடைத்து முழுப் பணத்தையும் கட்டிவிடலாமா?

பதில்: வைப்பு நிதியைத் தொடாதீர்கள். கடைக்கும் இப்போது போக வேண்டாம். இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காதவர் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துத்தான் இத்தனை கணக்கும் போடுகிறீர்கள். எந்தப் பாகம் பழுது என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகும்.

புதியதன் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அது 10 ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 10. உங்களுடையது இன்னும் 3 ஆண்டு ஓடும் என்று கொண்டால், போர்டுக்கு 40 கொடுப்பது ஆண்டுக்கு 13-க்கு மேல் போகிறது. அதற்குப் புதியதே மேல். ஆனால் தண்ணீரை உள்ளே விடும் வால்வ் மட்டும் கெட்டு, கூலியோடு 10 ஆனால் ஆண்டுக்கு மூன்றரைகூட வராது. வடிகட்டியில் அழுக்கு என்றால் செலவே இல்லை. போர்டு விலை கூடிய பாகம். தண்ணீர் ஏறாததற்கு அதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இயக்கியதும் பழைய நீரை வெளியேற்றும் பம்ப் சில நொடிகள் ஓடும். அடுத்து வால்வ் திறக்கும்போது மெல்லிய 'ம்ம்' ஓசை வரும். ஓசை வந்தும் தண்ணீர் வரவில்லையென்றால், போர்டு மின்சாரத்தை அனுப்பிவிட்டது. குழாய் மூடியிருக்கலாம், ஹோஸ் மடங்கியிருக்கலாம், அல்லது ஹோஸ் இயந்திரத்தில் சேரும் இடத்திலுள்ள சிறிய வலை வடிகட்டி அடைத்திருக்கலாம். உப்புத் தண்ணீர் என்றால் அந்த வலையில் சுண்ணாம்பு படியும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். கழற்றிய ஹோஸை வாளிக்குள் பிடித்துக் குழாயைத் திறந்தால் தண்ணீரின் வேகமும் தெரிந்துவிடும். தொட்டி நேர் மேலே இருக்கும் வீடுகளில் அழுத்தமே போதாமல் போவதுண்டு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கிடைக்கும், தொட்டி அருகிலேயே இருந்தால் அதில் ஒரு பங்குதான்.

ஓசையே இல்லையா? கதவு 'க்ளிக்' என்று பூட்டுகிறதா, உள்ளே அடியிலுள்ள மிதவை மேலேயே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மிதவை மேலே நின்றால், தண்ணீர் நிறைந்துவிட்டதென்று நினைத்து இயந்திரம் வால்வைத் திறக்காது. பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அடித்தட்டில் நீர் கசிந்து தேங்கியிருக்கலாம். பல மாடல்கள் அப்போது பாதுகாப்புக்காகத் தண்ணீரை நிறுத்திவிடும். அது மெக்கானிக் வேலை, நீங்கள் திறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால் வருகைக் கட்டணம் கொடுத்து ஒருவரை நேரில் வரவழையுங்கள். எந்தப் பாகம், என்ன விலை, அதற்கு எத்தனை மாத வாரன்டி என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்தால் கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் சங்கடம் வேண்டாம், பணம் உங்களுடையது.

வட்டியில்லாத் தவணை பற்றி ஒன்று. மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று அதே கடையில் கேளுங்கள். தவணைக் கட்டணங்களையும் சேர்த்துக் கூட்டினால் வரும் வித்தியாசம்தான் வட்டி, பெயர் மட்டும் வேறு. வைப்பு நிதியிலும் அப்படித்தான்: முதிர்வுக்கு முன் உடைத்தால் பொதுவாக வட்டி குறையும், அந்த இழப்பையும் புதிய இயந்திரத்தின் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

போர்டேதான் என்று உறுதியானால் நானும் புதியது வாங்கத்தான் சொல்வேன், அதுவும் நிதி முதிர்ந்த பிறகு. அந்தச் சில மாதங்கள் பாத்திரத்தை வீட்டில் யார் கழுவுவது என்பதில் மட்டும் ஆலோசனை சொல்ல எனக்குத் தைரியமில்லை.