வயலில் திரியும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வராமல் காப்பது எப்படி?

எலி, பெருச்சாளி, காட்டுப்பன்றி போன்றவற்றின் சிறுநீரில் வரும் கிருமியால் பரவுவது எலிக்காய்ச்சல். நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். சில நாய்களுக்கு ஈறு மஞ்சளாகிவிடும்.

வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றினால் வாடாது, வெயிலில் போட்டால் சுருண்டுவிடும் இல்லையா? இந்தக் கிருமியும் அப்படித்தான். ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், காய்ந்தால் செத்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்பாசமுத்திரம் பக்கத்து வரப்புகளில் தேங்கும் தண்ணீரை நாய் நக்கவிடாதீர்கள். காலில் கீறல் இருந்தால் மிதித்தாலே போதும், தொற்றிவிடும்.

குட்டிக்கு 8 வாரம் ஆனபிறகு தடுப்பூசி, 3 அல்லது 4 வாரம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. மிச்சச் சோற்றை ராத்திரி தட்டிலேயே விடாதீர்கள், எலி தேடி வரும்.

'வெறிநோய் ஊசிதான் போட்டாச்சே' என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது வேறு ஊசி, எலிக்காய்ச்சலைத் தடுக்காது.