பிரான்சில் லெ பென் குடும்பம் வழிநடத்திவந்த தீவிர வலதுசாரிக் கட்சி தேசியப் பேரணி (RN). அக்குடும்பத்தைச் சேராத ஜோர்டான் பார்டெல்லா 27 வயதில் அக்கட்சியின் தலைவரானது எப்படி?

திறமை ஒரு காரணம்தான். ஆனால் கட்சியின் தேவை அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

1995இல் பிறந்த பார்டெல்லா, பாரிசை ஒட்டிய சென்-டெனியில், குடியேறியோர் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், இத்தாலிய வம்சாவளித் தாயிடம் வளர்ந்தவர். குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சிக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி கிடைப்பது அரிது. அவர் தனியார் கத்தோலிக்கப் பள்ளியில் படித்ததும், தந்தை வசதியாக வாழ்ந்ததும் மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

16 வயதில் கட்சியில் சேர்ந்து, பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பைப் பாதியில் விட்ட அவரை, 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 23 வயதிலேயே முதன்மை வேட்பாளராக அப்போதைய கட்சித் தலைவர் மரீன் லெ பென் நிறுத்தினார். கட்சி முதலிடம் பெற்றது. 2022 நவம்பரில் கட்சியின் மூத்த பிரமுகர் லூயி அலியோவை உட்கட்சித் தேர்தலில் வென்று தலைவரானார்.

2024 ஜூனில் ஐரோப்பியத் தேர்தலில் கட்சி சுமார் 31 விழுக்காடு வாக்குகள் பெற்றபோது, அன்றிரவே பிரெஞ்சு அதிபர் மக்ரோன், நாடாளுமன்றக் கீழவையான தேசிய சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தலை அறிவித்தார். பார்டெல்லா பிரதமராவார் என்றே பலர் கருதினர். ஆனால் அத்தேர்தலின் இரண்டாம் சுற்றில், பார்டெல்லா கட்சிக்கு எதிரான வாக்குகள் சிதறாமலிருக்க, இடதுசாரி மற்றும் மையவாத வேட்பாளர்கள் 200க்கும் மேற்பட்டோர் போட்டியிலிருந்து விலகியதால், முதல் சுற்றில் முன்னிலை பெற்ற அவரது அணி இடங்களில் மூன்றாவதாகச் சரிந்தது.

2025 மார்ச்சில், ஐரோப்பிய நாடாளுமன்ற நிதியைக் கையாடிய வழக்கில் லெ பென்னுக்கு ஐந்தாண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கப்பட்ட பிறகு, அதுவரை வாரிசு எனப்பட்ட பார்டெல்லாவை அதிபர் வேட்பாளராகவும் அதிகமாகப் பேசினார்கள்.