கொழும்புத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில், எஞ்சிக் கிடக்கும் காணியைப் பொது விளையாட்டிடமாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் கைகாட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த இடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். சும்மா கிடக்கிற காணி என்று தோட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

நான் வளர்ந்தது கிராண்ட்பாஸ் பக்கம். பொதுக் கழிப்பறைக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு துண்டு. காலையில் அதில் உடுப்புக் காயும், வெயில் ஏறினால் த்ரீவீல் கழுவுவார்கள், பின்னேரம் சோடாப் பெட்டியை விக்கெட்டாக வைத்துப் பொடியன்கள் கிரிக்கெட், இரவில் பல்பைத் தொங்கவிட்டு கரம்போர்ட். வெசாக்குக்கு தன்சலும் (இலவச உணவுப் பந்தலும்) அங்கேதான், ஆடியில் அம்மனுக்குக் கூழும் அங்கேதான். வீட்டுக்குள் இடம் ஏது? 80களில் பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில் நகரக் குடும்பங்களுக்கு அளந்து கொடுத்தது பெரும்பாலும் 2 பேர்ச், அதாவது 50 சதுர மீட்டர். பிள்ளைகள் கல்யாணம் கட்டியதும் மேலே ஒரு தட்டு ஏறும். முற்றம் என்றால் முடுக்குதான்.

அதனால் இருப்பதைத் துரத்திவிட்டு ஊஞ்சல் நடுவது வேலைக்கு ஆகாது. உடுப்புக் கொடிக்கும் த்ரீவீலுக்கும் ஒரு ஓரம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

கால்வாய்க் கரை ஒதுக்குக் காணிதான் தோதானது. அங்கே சட்டப்படி வீடு கட்ட முடியாது, ஆனால் மழைக்குத் தண்ணீர் ஏறும். சீமெந்து போட்டு மூடாமல் புல், நிழலுக்கு இரண்டு மரம், உட்கார ஒரு கட்டு போதும். முதல் காசை கானுக்கு (வடிகாலுக்கு) செலவழியுங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு, அப்புறம் டெங்கு, பிள்ளைகளைத் தாய்மாரே அனுப்பமாட்டார்கள்.

பராமரிப்புக்கு நைரோபியின் பெரிய ஏழைக் குடியிருப்பான கிபேராவைப் பாருங்கள். ஆற்றோரத்துக் குப்பை மேடுகளைப் பொது இடமாக்கியபோது கூடவே கழிப்பறையும் சிறு கடைகளும் வைத்தார்கள், அந்த வருமானத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே சனசமூக நிலையத்தை ஒட்டி ஒரு தேநீர்க் கடை வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

பெண்களைக் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள். பொது இடம் என்று கட்டி, கடைசியில் பொடியன்களின் கிரிக்கெட் பிட்ச்சாக முடிவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்குப் பிறகு நல்ல வெளிச்சம் இருந்தால் பெண்களும் வருவார்கள்.

வேலி போடுவதாக இருந்தால் திறப்பு (சாவி) யாரிடம் இருக்கும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். எங்கள் பக்கம் விழா வைத்துத் திறந்த ஒரு இடத்தின் திறப்பு ஒரு கட்சிக்காரர் வீட்டில் இருக்கிறது. பொடியன்கள் வேலி ஏறிக் குதிக்கிறார்கள், சரி. என் சித்தி எப்படிக் குதிப்பார்?