பூனைக்காலி டப்பாவுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

கேள்வி: பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரன், வயது 37. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 280 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். பூனைக்காலிப் பொடி செல்களில் இந்த ஹார்மோனைக் கூட்டுகிறது என்று ஒரு ஏஜென்ட் ஆராய்ச்சித் தாளைக் காட்டுகிறார். மூன்று மாத டப்பா 4,800 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தாள் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது உங்களைப் பற்றியது அல்ல. விரையிலுள்ள லேடிக் செல்கள்தான் கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைச் செய்கின்றன. அதற்கு உத்தரவு மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோனாக வரவேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் எலியின் செல்களைத் தட்டில் வளர்த்து, சாற்றை நேராக அதன்மேல் விட்டு அளக்கிறார்கள். நீங்கள் விழுங்குவதோ குடலையும் கல்லீரலையும் தாண்டிப் போகவேண்டும். இதேபோல் விற்கும் நெருஞ்சிலுக்கு இல்லாத விளம்பரமா? இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் ஏறவே இல்லை.

பூனைக்காலி, அதாவது நம் பக்கத்து நாய்க்குரணை, கொஞ்சம் மேல். லக்னோவில் குழந்தையில்லாத ஆண்களுக்குத் தினம் 5 கிராம் விதைப்பொடி மூன்று மாதம் கொடுத்தபோது ஹார்மோனும் விந்தணுவும் தேறின. வெற்றுப் பொடி கொடுத்து ஒப்பிடவில்லை என்பதுதான் குறை.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்த விதையில் எல்-டோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. மனநோய்க்கோ பார்க்கின்சனுக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. மனச்சோர்வு மாத்திரைகளிலும் சில இதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். ‘செடிதானே’ என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் அப்பா அந்த மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்கும் ஒரு ஸ்பூன் கொடுப்போம் என்று நினைத்தால் அதுவும் கூடாது.

அப்புறம் அந்த டப்பா. பேட்ச் எண், ஆயுஷ் தயாரிப்பு லைசென்ஸ் எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சில் இருக்கிறதா, இல்லை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘இரண்டாம் நாளே தெம்பு’ என்று ஏஜென்ட் சொன்னால் சந்தேகம் கூடவேண்டும். மூலிகை அவ்வளவு அவசரப்படாது. இப்படிப்பட்ட பொடிகளில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) மாத்திரையை அரைத்துக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்ட மோசடி. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே உலை. ஆண்மை மருந்து விளம்பரத்தைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தால் நம்பமுடிகிறதா? பாலக்காட்டில் விற்கும் டப்பாவில் கோவை விலாசம், கோவையில் விற்பதில் பாலக்காடு விலாசம். புகார் மாநில எல்லையான வாளையாறைத் தாண்டுவதற்குள் டப்பாவின் பெயரே மாறிவிடும்.

சரி, உங்கள் 280. பொதுவாக 300-க்குக் கீழே குறைவு என்பார்கள், ஆனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ரத்தம் கொடுத்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், வெறும் வயிற்றில், வேறொரு நாள் திரும்பக் கொடுங்கள். எல்.ஹெச்., புரோலாக்டின் (இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன்), விந்துப் பரிசோதனை மூன்றும் சேர்த்துப் பாருங்கள்.

அப்போதும் குறைவென்றால் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்பார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி எல்.ஹெச்.-ஐ நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். டாக்டர் அறைக்குள் போனதுமே குழந்தைக்காகக் காத்திருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.