ஊட்டிக் குளிர்காலத்தில் சின்னக் குழந்தையோடு வீட்டு வாழ்க்கை எப்படி இருக்கும்?

டிசம்பரில் திருச்சியிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறோம், ஒன்றரை வயசுப் பையன் இருக்கிறான், ரூம் ஹீட்டர் வாங்கிவிட வேண்டுமா, பிள்ளை குளிரைத் தாங்குவானா, பிப்ரவரி வரை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கரூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி ஊட்டிக்கு வந்தவள். காந்தல் பக்கம் வீடு. மகளுக்கு இப்போது மூன்று வயசு. உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

பையன் தாங்குவான். இங்கே பிறக்கிற பிள்ளைகளெல்லாம் தாங்குகிறார்கள்தானே. ஆனால் திருச்சியின் நேரக்கணக்கை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். விடிந்ததும் குளிப்பாட்டுவது, வெயில் தாழ்ந்த பிறகு தூக்கிக்கொண்டு வெளியே கிளம்புவது எல்லாம் சூட்டுக்குப் பயந்த ஊர்ப் பழக்கம். இங்கே வெயில் வரும் வரை வீடு, வெயில் இருக்கும் வரை வாசல், வெயில் போனதும் மறுபடி வீடு. குளியல் காலை 11 மணிக்கு மேல்தான், அதுவும் தினமும் வேண்டியதில்லை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதி தானாக வந்துவிடும்.

குளிர் எவ்வளவு என்றால், ஜனவரியில் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவு சராசரியாக 5, 6 டிகிரிக்கு இறங்கும். புல்தரையில் இதைவிடக் குறைவு. தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம், எங்கள் காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். எல்லா நாளும் இல்லை. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவுகளில் தரை தன் சூட்டை மேலே விட்டுவிடும். குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். மேகம் மூடிய இரவில் இது நடக்காது. என் மாமியார் இதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் ராத்திரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம் நிறைய இருக்கு, காலையில பனி கொட்டும், தண்ணி பிடிச்சு உள்ளே வை" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட காலைகளில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பதை விரலால் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று மகள் அடம் பிடிப்பாள். இரண்டு நிமிஷம் விடுவேன். அதற்கு மேல் விரல் சிவந்து அழுகை வந்துவிடும்.

குளிர்காலத்தில் எங்கள் வீடு சமையலறைக்குள் சுருங்கிவிடுகிறது. மற்ற அறைகளெல்லாம் நடந்து கடப்பதற்கு மட்டும். காலை 6 மணிக்குப் பால் காய்ச்சுவதிலிருந்து அடுப்பு அணைவதில்லை. அந்தச் சூடும் ஆவியுமே எங்கள் ஹீட்டர். அடுப்புக்கு எட்டாத மூலையில் ஒரு சாக்கைப் போட்டு அதன்மேல் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால் அது மகளின் ராஜ்ஜியம். சிமென்ட் தரையின் சில்லிப்பு சாக்கைத் தாண்டி வராது. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிடுவோம், வெந்நீர்ப் பாத்திரம் இருக்கும் இடமல்லவா. அங்கே உட்கார்ந்து என் மாமியாரோடு பட்டாணி உரிப்பாள். உரித்ததில் பாதி வாய்க்குள் போகும், மீதியில் பாதி தரையில் உருளும். கேத்தியிலிருந்து வருகிற கேரட்டை மண்ணோடு வாங்கினால் அதைக் கழுவுவது அவளுக்கு ஒரு மணி நேர வேலை. தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இன்னும் ஒன்றரை வயசுதான், முழுப் பட்டாணியும் பச்சைக் கேரட்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேகவைத்து மசித்தே கொடுங்கள்.

வேகவைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று பருப்பை இறக்கினால் நறுக்கென்று இருக்கும். குழந்தைக்குச் செய்வது எதுவானாலும் குக்கர்தான், ஊரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட.

அடுத்தது இட்லி மாவு. ஊரிலிருந்து வருகிற எல்லோரையும் முதலில் அழ வைப்பது இதுதான். அங்கே 8 மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு இங்கே ஜனவரியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அரைத்தபடியே இருக்கும். காலையில் அரைத்து மறுநாள் காலைக்கு என்று கணக்கு வையுங்கள். ஆட்டும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், உளுந்து கொஞ்சம் கூடப் போடுங்கள். நான் மாவுப் பாத்திரத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். முன்பெல்லாம் குண்டு பல்பை எரியவிட்டுப் பக்கத்தில் வைப்பார்களாம். இப்போதைய எல்இடி பல்பில் அந்தச் சூடு ஏது? தயிருக்கும் இதே பெட்டிதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பதால் மாசக்கணக்கில் வெள்ளைக் கட்டியாகவே இருக்கும். வாய் அகன்ற டப்பாவில் வாங்குங்கள், குறுகிய வாய் பாட்டிலில் வாங்கினால் தினமும் அதை வெயிலில் காய வைக்க வேண்டும்.

ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். வந்த உடனே வாங்காதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் தின்னும், அணைத்த கால் மணியில் அறை பழையபடி ஆகிவிடும். முதலில் கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியைப் பழைய புடவையைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால், சிவப்பாகக் கம்பி எரிகிற மாதிரி வேண்டாம், எண்ணெய் அடைத்த வகையை வாங்குங்கள். ஒன்றரை வயசுக் கை எதையும் தொட்டுப் பார்க்காமல் விடாது. அதையும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும், மேலே துணி காயப் போடக் கூடாது.

கரிச் சட்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். யாராவது பழைய ஆள், "ராத்திரி படுக்கிற ரூம்ல ஒரு சட்டி கங்கு வை, ஜம்முனு இருக்கும்" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மலை ஊர்களில் இப்படி உயிர் போன செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பழைய வீடுகளில் புகைபோக்கியோடு கணப்பு இருந்தால் அது வேறு விஷயம், ஆனால் புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகே மூட்டுங்கள்.

உடுப்பு. தாவரவியல் பூங்கா பக்கம் இருக்கிற திபெத்தியர் மார்க்கெட்டில் பிள்ளைகளுக்கு நல்ல ஸ்வெட்டர் கிடைக்கும். ஒரே தடிமனாக வாங்காமல் மெல்லியதாக இரண்டு மூன்று வாங்குங்கள், முன்பக்கம் ஜிப் இருக்கட்டும். இங்கே மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும். நிழலுக்குள் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை கழற்றி மாட்ட வேண்டி வரும். தலை வழியாக இழுத்து மாட்டுவதென்றால் நாலு தடவையும் அழுகைதான். கை சில்லென்று இருக்கிறதே என்று பதறி இன்னொன்றைப் போர்த்தாதீர்கள், பிள்ளைகளின் கை எப்போதும் அப்படித்தான். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் போதும், வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கன்னம் சிவந்து வெடிக்கும், அது தப்பாது. காற்று வறண்ட மாசங்கள் இவை. குளிப்பாட்டின ஈரத்தோடே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள்.

படுக்கை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அறையில். அதுதான் பெரிய சூடு. படுக்கப் போகும் முன் கால் மணி நேரம் வெந்நீர்ப் பையை மெத்தைக்குள் வைத்துவிட்டு, பிள்ளை படுக்கும்போது எடுத்துவிடுவேன். பையோடு படுக்க வைக்காதீர்கள், மூடி கசிந்தால் வெந்துவிடும். தூங்கும்போது குரங்குக் குல்லாவும் வேண்டாம்.

இன்னொன்று, இந்த ஊர்க்காரர்கள் என்மேல் கோபப்படலாம். ஊட்டி என்றாலே நீலகிரித் தைலம். சளி என்றால் மூக்கில், நெஞ்சில், தலையணையில் தடவச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். கொஞ்சம் வாய்க்குள் போனால்கூட வலிப்பு வரை கொண்டுபோய்விடும். கற்பூரம் கலந்த தைலங்களும் அப்படித்தான். பாட்டிலைப் பரணில் வையுங்கள். சளிக்கு வெதுவெதுப்பான ரசமும் தண்ணீரும் போதும். தூங்கும்போது நிமிஷத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சாயங்காலம் எங்களுக்கு 5 மணிக்கே ஆரம்பித்துவிடும். மலைக்குப் பின்னால் வெயில் மறைந்ததும் சட்டென்று குளிர் இறங்கும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் அந்த நேரத்துக்குக் காட்டெருமை வாசல் வரை வரும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். அதனால் இருட்டினால் கதவைச் சாத்திவிடுவது இங்கே வழக்கம். திருச்சியில் மாதிரி 8 மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிற வேலையெல்லாம் கிடையாது. எனக்கு முதலில் அது சிறை மாதிரி இருந்தது. இப்போது அந்த மூன்று மணி நேரம்தான் பிடித்திருக்கிறது. யாரும் வர மாட்டார்கள், எங்கேயும் போக வேண்டாம். மாமியார் சுக்குக் காபி போடுவார். அவர் ஊட்டி வர்க்கியை, அந்த மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்டை, அதில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து மகளும் தன் பாலில் தோய்ப்பாள், பாதி உதிர்ந்து டம்ளருக்கு அடியில் கூழாகிவிடும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்கு வந்த கதி அது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் ரயில் விளையாட்டு. தூரத்தில் மலை ரயிலின் ஹாரன் கேட்டாலே அவள் தலையணைகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்துவிடுவாள். இங்கே வருவது டீசல் எஞ்சின், நீராவி எஞ்சின் குன்னூரோடு நின்றுவிடும். ஆனாலும் குப்குப் என்றுதான் ஓட்டுவாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. 7 மணிக்குச் சாப்பாடு, 8 மணிக்கு எல்லோரும் கம்பளிக்குள்.

அடைந்து கிடக்க வேண்டுமா என்று கேட்டீர்களே, டிசம்பர், ஜனவரியில் அப்படி இல்லவே இல்லை. தினமும் நாலைந்து மணி நேரம் அருமையான வெயில் கிடைக்கும். நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தின் ஹெத்தையம்மன் பண்டிகையும் இந்தப் பருவத்தில்தான். கோத்தகிரிப் பக்கம் பேரகணியில் வெள்ளை உடுத்திய கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சேர்வார்கள். அன்றைக்கு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். பையனைத் தூக்கிக்கொண்டு மதிய வெயிலில் போய் வாருங்கள். நிஜமாகவே அடைந்து கிடப்பது ஜூலையில்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெயிலே தெரியாது, துணி காயாது, அலமாரியில் பூஞ்சணம் பூக்கும். ஊட்டிக்காரர்களைக் கேட்டால் பனியைவிட அந்த மழைக் குளிரைத்தான் திட்டுவார்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே கவலைப்பட வேண்டாம்.

வீடு பார்க்க வரும்போது தரகர் மதியம் 12 மணிக்குக் கூட்டிப் போவார், அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். காலை 8 மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தென்பக்கம் சாய்ந்தே போகும் என்பதால் வடக்குப் பார்த்த அறையில் வெயிலே விழாது. தகரக் கூரை என்றால் உள்ளே கூரைக்கு அடியில் மரப்பலகை அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஜன்னலில் ஏரி தெரிகிறது, மலை தெரிகிறது என்று சொல்வதற்கெல்லாம் மயங்க வேண்டாம். பள்ளத்தில் இல்லாமல் மேட்டில் இருந்து, சமையலறை கிழக்கோ தெற்கோ பார்த்து, அதில் ஒரு ஜமுக்காளம் விரிக்க இடமும் இருந்தால், வாடகை ஐந்நூறோ ஆயிரமோ கூடக் கேட்டாலும் பேசி முடித்துவிடுங்கள்.